மூன்று கடல் மைல் யாருக்கு?

களியக்காவிளைப் பக்கம் ஒரு மீன்கடை. ஐஸ் பெட்டியைச் சரித்ததும் தரையில் சாளை கொட்டுகிறது. ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்தால் மீனும் விரலும் ஒரே நீளம். 'கூறு எடுத்துக்கிடுங்க, குழம்புக்கு நல்லாருக்கும்' என்கிறார் கடைக்காரர். இதையே கேரளக் கரையில் இறக்கினால் குற்றம். அங்கே 10 செ.மீ.க்குக் குறைந்த சாளையைப் பிடிக்கக் கூடாது. 2015-இல் 14 இனங்களுக்குத் தொடங்கிய அந்த அளவுக் கட்டுப்பாடு பின்னர் 58 இனங்களுக்கு விரிந்தது. எல்லைக் கல் மீனுக்குத் தெரியாது. நம் அரசுக்குத்தான் தெரிகிறது.

தமிழ்நாட்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. கரையிலிருந்து 3 கடல் மைல் வரை வள்ளம் போன்ற நாட்டுப்படகுகளுக்கு, அதற்கப்பால் விசைப்படகுகளுக்கு என்பது பங்கீடு. நாற்பது ஆண்டு கடந்தும் அந்தக் கோடு காகிதத்தில்தான் கிடக்கிறது. ராத்திரி வள்ளக்காரர் விரித்த வலையை விசைப்படகின் இழுவைமடி அறுத்துக்கொண்டு போகிறது. விடியும்போது மிதப்புகள்தான் மிச்சம். புகார் கொடுக்கப் போனால் படகு எண்ணைக் கேட்கிறார்கள். கும்மிருட்டில் எண்ணை வாசித்தது யார்?

மீன்பிடித் தடைக்காலத்தைக் காட்டி அரசு தப்பிக்க வேண்டாம். கன்னியாகுமரி என்ற இந்த ஒரே மாவட்டத்தில் கிழக்குக் கடலுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை என்று இரண்டு தடை. சின்னமுட்டத்துப் படகு கட்டிக் கிடக்கும் மே மாதத்தில் குளச்சல் படகு கடலில் நிற்கிறது. நாளை எண்ணுகிறார்கள், மீனை எண்ணுவதில்லை. மெக்சிகோ வளைகுடாவில் ரெட் ஸ்னாப்பர் மீனுக்கு ஆண்டு வரம்பு உண்டு. அதில் வணிகப் படகுகளுக்கு 51 விழுக்காடு, பொழுதுபோக்குத் தூண்டில்காரர்களுக்கு 49. அங்கேயும் சண்டை ஓயவில்லைதான். ஆனால் சண்டை போட ஓர் எண்ணாவது இருக்கிறது.

குஞ்சு மீனை அள்ளுவதில் வள்ளங்களுக்கும் பங்குண்டு. அதை மறைக்க வேண்டாம். அதனால்தான் குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் இறங்குதளங்களில் அளவுகோலோடு ஆள் நிற்க வேண்டும் என்கிறோம். பிடித்தவரோடு லாரியில் ஏற்றிய வியாபாரியும் அபராதம் கட்டட்டும். விசைப்படகுகளுக்கு இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் தரப்படுகிறதே, அது 3 மைலுக்குள் நுழைந்த படகைக் காட்டாதா? நுழைந்தால் மானிய டீசலை அந்த மாதமே நிறுத்துங்கள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி மேற்குக் கடல் திறக்கும். அதற்குள் இவை நடந்தாக வேண்டும்.