சேவ் பண்ணினேன்... எங்கேன்னுதான் தெரியலை!

"கம்ப்யூட்டர் தெரியுமா?" என்று கேட்டால் நம்ம வகுப்பில் கை தூக்காத ஆளே கிடையாது. வேர்டு தெரியும், எக்ஸெல் தெரியும், பவர்பாயின்ட்டில் எழுத்து சுழன்று சுழன்று வந்து உட்காருவது வரைக்கும் தெரியும். "சரி, போன வாரம் சேவ் பண்ணின ஃபைலை எடு" என்று சொல்லிப் பாருங்கள். முதலில் வேர்டைத் திறப்பார்கள். அதில் சமீபத்தில் திறந்த ஃபைல்களின் பட்டியலைப் பார்ப்பார்கள். அங்கே இல்லையென்றால் முடிந்தது கதை. "சார், ஃபைல் காணாமப் போச்சு!"

காணாமல் எல்லாம் போகவில்லை மக்களே. ஃபைல் வைத்த இடத்திலேயே சமர்த்தாக இருக்கிறது. வைத்தவருக்குத்தான் இடம் தெரியவில்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அதன் முழுப் பெயர் என்ன, அதன் இன்னொரு நகல் எங்கே இருக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரியாதவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. அவர் எத்தனை சர்டிபிகேட் வைத்திருந்தாலும் சரி. இதைச் சொல்லிக்கொடுக்காமல் நேராக வேர்டில் ஆரம்பிக்கும் பாடத்துக்குக் கம்ப்யூட்டர் பாடம் என்று பெயர் வைப்பதும் தப்பு.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் மடிக்கணினி போய்ச் சேர்ந்தது. கம்ப்யூட்டரே நுழையாத வீடுகளில் அது நுழைந்தது பெரிய விஷயம், அதைக் குறை சொல்ல மாட்டேன். 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்களுக்கு மறுபடியும் அறிவித்தார்கள், அதுவும் நல்லதுதான். என் சண்டை பெட்டியோடு இல்லை. பெட்டியைக் கொடுத்த பிறகு "இதற்குள் பொருளை எப்படி அடுக்குவது" என்று அரை மணி நேரம்கூட யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பதில்லையே, அதோடுதான். நான் பார்த்த வீடுகளில் டெஸ்க்டாப் முழுக்க ஐகான். பின்னால் வால்பேப்பரில் இருப்பது விஜய்யா அஜித்தா என்றுகூடத் தெரியாது :-) அப்புறம் 'நியூ ஃபோல்டர்', 'நியூ ஃபோல்டர் (2)', 'நியூ ஃபோல்டர் (3)'... அதற்குள் இன்னொரு 'நியூ ஃபோல்டர்'.

எங்க காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரி உடைக்கிற இடத்துக்கு வந்து பாருங்கள். முழுப் பருப்பு ஒரு பக்கம், இரண்டாகப் பிளந்தது ஒரு பக்கம், நொறுங்கியது ஒரு பக்கம். முழுப் பருப்பிலேயே டபிள்யூ 180, டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று தரம் உண்டு. ஒரு பவுண்டு எடைக்குச் சுமார் எத்தனை பருப்பு நிற்கும் என்பதுதான் அந்த எண். எண் சின்னதாக இருந்தால் பருப்பு பெரிது, விலையும் அதிகம். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத ஆயாகூட இதைக் கலக்க விடாது. கலந்தால் விலை போகாது என்று அதற்குத் தெரியும். அந்த ஆயாவின் பேரன் பத்தாவது மார்க் ஷீட், வாட்ஸ்அப் மீம், சினிமாப் பாட்டு, ஆதார் நகல் எல்லாவற்றையும் 'டவுன்லோட்ஸ்' என்கிற ஒரே குவியலில் கொட்டி வைத்திருக்கிறான். இதில் யார் படித்தவர்?

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். "ஃபோல்டர் எல்லாம் பழைய காலம்ப்பா. இப்ப தேடினா வந்துடும்."

வராது என்பதைத் தமிழில் டைப் அடிக்கிறவர்கள் மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். யுனிகோடு நிலைப்பதற்கு முன்னால் தமிழில் எத்தனை எழுத்துரு, எத்தனை குறியாக்கம்! பாமினி, டிஸ்கி, டாம், டாப் என்று ஆளுக்கு ஒன்று. தமிழ்நாடு அரசே 2010-ல்தான் யுனிகோடைத் தரமாக அறிவித்தது. பாமினியில் அடித்த ஃபைலின் உள்ளே உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான், எழுத்துரு அதற்குத் தமிழ் வேஷம் போட்டுக் காட்டுகிறது. அதில் போய் 'அம்மா' என்று யுனிகோடில் தேடினால் ஆயுசுக்கும் கிடைக்காது. ஸ்கேன் செய்த சான்றிதழோ வெறும் படம். அதில் உங்கள் பெயர் உங்கள் கண்ணுக்குத் தெரியும், கம்ப்யூட்டர் தேடலுக்குப் பெரும்பாலும் தெரியாது. சரி, ஃபைல் பெயரை வைத்துத் தேடலாம் என்றால், அதை ஆங்கில எழுத்தில் வைத்திருப்பீர்கள். எங்க ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் யூ-ஆர் போட்டீர்களா, ஓ-ஓ-ஆர் போட்டீர்களா? மூன்று வருஷம் கழித்து ஞாபகம் இருக்குமா? இடம் தெரிந்தால்தான் கதி.

இது நம்ம ஊர் வியாதி மட்டுமில்லை. 2021-ல் 'தி வெர்ஜ்' என்கிற அமெரிக்க இணைய இதழில் ஒரு கட்டுரை வந்தது. காதரின் கார்லண்ட் என்கிற வானியற்பியல் பேராசிரியர், பொறியியல் பாடம் ஒன்றில் மாணவர்களுக்குச் சிமுலேஷன் மென்பொருள் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஃபைலைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று மென்பொருள் சொல்கிறது. எங்கே சேவ் செய்தாய் என்று கேட்டால் மாணவர்களுக்குக் கேள்வியே புரியவில்லையாம். நம்ம லேபிலும் இதேதான். பைதானில் ஒரு ஃபைலைத் திறக்கச் சொன்னால் பாதிப் பேருக்கு 'அப்படி ஒரு ஃபைலே இல்லை' என்று எர்ரர் வரும். கோடில் தப்பு இருக்காது. ஃபைல் ஒரு ஃபோல்டரில், புரோகிராம் இன்னொரு ஃபோல்டரில். புரோகிராமுக்கு 'ரீசன்ட்' எல்லாம் தெரியாது, அதற்கு விலாசம் வேண்டும்.

இந்தப் பழக்கத்தைப் பெரிய அளவில் கெடுத்தது செல்போன் என்பேன். ஐபோனில் 'ஃபைல்ஸ்' என்ற செயலியே 2017-ல்தான் வந்தது. அதுவரை ஃபைல் என்று ஒன்று இருப்பதையே மறைத்து வைத்திருந்தார்கள். படம் கேலரியில் இருக்கும், பாட்டு பாட்டுச் செயலியில் இருக்கும், நீ கவலைப்படாதே என்பது அவர்கள் வாதம். கவலைப்பட வேண்டிய நாளும் வந்தது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அதே பட்டியலில் கேம்ஸ்கேனரும் இருந்தது. சான்றிதழ்களை ஸ்கேன் செய்து அந்தச் செயலிக்குள்ளேயே விட்டு வைத்திருந்தவர் நிலைமையை யோசியுங்கள். ஸ்கேன் செய்த அன்றே வெளியே எடுத்து, பெயர் வைத்து, தன் ஃபோல்டரில் போட்டவருக்கு அந்தத் தடையால் ஒரு நஷ்டமும் இல்லை.

அடுக்கி வைப்பது வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த வித்தை என்று நினைக்க வேண்டாம். நம்ம மாவட்டத்துக் கதையே இருக்கிறது. தேவார ஏடுகள் சிதம்பரம் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்ததாகவும், ராஜராஜ சோழனும் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியும் போய்த் திறந்தபோது பெரும்பகுதியைக் கரையான் அரித்திருந்ததாகவும் திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. பக்தியோடு படிப்பவர்கள் அப்படியே படிக்கட்டும். கம்ப்யூட்டர் மாணவன் கண்ணில் படுவது, ஒரே இடத்தில் ஒரே நகல் வைத்தால் என்ன ஆகும் என்பது. அந்தக் காலத்தில் கரையான், இந்தக் காலத்தில் ஹார்டு டிஸ்க்.

கதை அதோடு முடியவில்லை. கிடைத்ததை நம்பி அள்ளிக் குவித்து வைக்கவில்லை. சம்பந்தர் பாடியது முதல் மூன்று திருமுறை, அப்பர் பாடியது அடுத்த மூன்று, சுந்தரர் பாடியது ஏழாவது. சம்பந்தர் பதிகங்களை உள்ளே பண் வாரியாகப் பிரித்தார்கள். ஃபோல்டர், அதற்குள் ஃபோல்டர்! இதற்குப் பண்முறை என்று பெயர். அதே பாட்டுகளைக் கோயில் வாரியாக அடுக்கினால் அது தலமுறை, அப்படியும் பதிப்புகள் வந்திருக்கின்றன. பண்ருட்டி பக்கத்துத் திருவதிகைக்குப் போகிறவருக்குத் தலமுறைப் பதிப்பு வசதி. ஓதுவாருக்குப் பண்முறை வசதி. ஃபோல்டர் போடும் முன் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதேதான். பிற்பாடு இதைத் தேடும்போது எதை நினைத்துக்கொண்டு தேடுவேன்? ஆளையா, வருஷத்தையா, விஷயத்தையா? அதைத்தான் முதல் ஃபோல்டராகப் போட வேண்டும்.

திட்டினது போதும். ஆரம்பிக்கிறவர்களுக்கு, என் வீட்டில் நான் பின்பற்றுவது:

1. வீட்டில் ஆளுக்கொரு ஃபோல்டர்: அப்பா, அம்மா, தங்கச்சி, நான். ஒவ்வொன்றுக்குள்ளும் சான்றிதழ், வங்கி, மருத்துவம், படிப்பு. பட்டா, வரி ரசீது, கரண்ட் பில் எல்லாம் 'வீடு' என்று தனி ஃபோல்டரில். இதற்கும் கீழே ரொம்ப ஆழமாகத் தோண்ட வேண்டாம். மூன்று படி போதும்.

2. பெயரில் வருஷம் முதலில், அப்புறம் மாதம், அப்புறம் தேதி: '2024-06-14 வருமானச் சான்று அப்பா'. இப்படி வைத்தால் பெயர் வரிசையே கால வரிசையாகிவிடும். தேதிக்கு நடுவில் சாய்கோடு போட்டால் விண்டோஸ் ஏற்காது, சின்னக் கோடு போடுங்கள். 'ஃபைனல்', 'புது ஃபைனல்', 'உண்மையான ஃபைனல்' வேண்டவே வேண்டாம்!

3. டெஸ்க்டாப் என்பது வெறும் திரை இல்லை. அதுவும் வழக்கமாகச் சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர்தான். சர்வீஸ் கடையில் "ஃபார்மட் பண்ணணும், சி டிரைவ்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்பார்கள். "ஒண்ணும் இல்லண்ணே, எல்லாம் டெஸ்க்டாப்லதான் இருக்கு" என்று நம்ம ஆள் சொல்வான். சோலி முடிந்தது.

4. ஐகான் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஷார்ட்கட், ஃபைல் அல்ல. அதைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போவது, அரிசியை வீட்டில் வைத்துவிட்டு வெறும் பையோடு மாவு மில்லுக்குப் போவது மாதிரி. இன்னொன்று, பென்டிரைவில் அழித்தது வழக்கமாக ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. போனது போனதுதான்.

5. பெயரின் வால் தெரியட்டும். அதாவது புள்ளிக்குப் பின்னால் வரும் பிடிஎஃப், ஜேபிஜி போன்றவை. விண்டோஸ் இதைத் தானாகவே மறைத்து வைக்கிறது. 2000 மே மாதம் உலகத்தையே கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸ் இந்த மறைப்பைத்தான் பயன்படுத்தியது. பார்வைக்கு டெக்ஸ்ட் ஃபைல், மறைந்திருந்த வாலோ விபிஎஸ் என்கிற புரோகிராம். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் 'கல்யாணப் பத்திரிகை' என்று வருகிற மோசடி ஃபைலின் வாலைப் பாருங்கள், ஏபிகே என்றிருக்கும். பத்திரிகை எதற்கு உங்கள் போனில் இன்ஸ்டால் ஆக வேண்டும்? வாலைப் பார்க்கத் தெரிந்தவர் பணம் தப்பிக்கும்.

6. முக்கியமானதற்கு மூன்று நகல். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று பென்டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ, ஒன்று வீட்டுக்கு வெளியே. ஆன்லைனிலோ அத்தை வீட்டிலோ, எங்கேயாவது.

ஆறாவதைக் கடலூர் மாவட்டக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30 தானே புயல். 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளம். அந்த வெள்ளத்தில் சான்றிதழ்களை இழந்தவர்களுக்கு நகல் கொடுக்க அரசு சிறப்பு முகாம்களே நடத்த வேண்டியிருந்தது. டிஜிலாக்கர் வந்ததும் அதே 2015-ல்தான். நல்ல வசதி, கட்டாயம் பயன்படுத்துங்கள். ஆனால் தாத்தா கையெழுத்துப் போட்ட பாகப் பத்திர நகலும், அம்மாவின் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டும் அதில் தானாக வந்து உட்காராது. அதையெல்லாம் நாம்தான் வைக்க வேண்டும்.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இவ்வளவு கோபம்?" என்று கேட்கலாம். பொறியியல் கலந்தாய்வு ஆன்லைன், உதவித்தொகை ஆன்லைன், டிஎன்பிஎஸ்சி ஆன்லைன். கடைசி நாள் சாயங்காலம் சாதிச் சான்றிதழ் எங்கே என்று தேடுகிற பையனுக்கு இது சின்ன விஷயமில்லை. வசதியுள்ள வீட்டில் எடுத்துக் கொடுக்க ஓர் அண்ணனோ அக்காவோ இருப்பார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவன் ஒவ்வொரு தடவையும் காசு கொடுத்து யாரோ ஒருவரிடம் தன் ஆதாரையும் மார்க் ஷீட்டையும் நீட்டுகிறான். வேலை முடிந்ததும் அவனுடைய நகல் அந்தக் கடைக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கிறது, அதை அழித்துவிட்டு வர வேண்டும் என்றும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே கம்ப்யூட்டர் வாத்தியார்களுக்கும் சென்டர் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் வகுப்பில் வேர்டைத் திறக்காதீர்கள். ஒரு ஃபோல்டர் போடச் சொல்லுங்கள், பெயர் வைக்கச் சொல்லுங்கள், ஃபைலை அங்கிருந்து இங்கே நகர்த்தச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அதே ஃபைலை எடுக்கச் சொல்லிப் பரீட்சை வையுங்கள். எடுத்தவன் பாஸ்.

படிக்கிற உங்களுக்கும் அதே பரீட்சைதான். உங்கள் பத்தாவது மார்க் ஷீட்டின் ஸ்கேன் நகலை ஒரு நிமிஷத்தில், தேடல் பெட்டியைத் தொடாமல், எடுத்துக் காட்டுங்கள். முடியவில்லையா? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் பார்ப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். 'நியூ ஃபோல்டர் (3)'-லிருந்து ஆரம்பிக்கலாம்.