நகரத் தலைவர் அறியாத செய்தி

விக்டர் ஹ்யூகோவின் 'ஏழை படும் பாடு' புதினத்தைப் பற்றி நம் மேடைகளில் பேசுவோர் பெரும்பாலும் வெள்ளி விளக்குத் தண்டுகளில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுவர். ரொட்டி திருடியதற்கு ஐந்தாண்டுத் தண்டனை; தப்பியோட முயன்றமையால் அதுவே பத்தொன்பது ஆண்டுகளாக நீண்டது. சிறையினின்றும் வந்த ஜீன் வால்ஜீன் தமக்கு உணவளித்த ஆயரின் வெள்ளிச் சாமான்களையே திருடுகிறான். ஆயரோ விளக்குத் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார். உயர்ந்த காட்சிதான். வகுப்பில் நானும் பலமுறை உருகிச் சொல்லியதுண்டு. ஆயினும் ஆசிரியரும் நிர்வாகத்தாரும் ஊர்ப் பெரியவர்களும் பாடங்கற்க வேண்டிய இடம் அதுவன்று. அது சற்றுத் தள்ளி, ஒரு தொழிற்சாலையின் வாசலில் இருக்கிறது.

1862இல் வெளிவந்த இப்பெருநூலைச் சுத்தானந்த பாரதியார் தமிழில் தந்தார். 1950இல் இது தமிழ்த் திரைப்படமும் ஆயிற்று. நடிகர் சீதாராமனின் பெயருக்கு முன் 'ஜாவர்' ஒட்டிக்கொண்டது அப்படத்தின் காவல் அதிகாரி வேடத்தால்தான் என்பதை மூத்தோர் அறிவர். கதையின் கொடியவர் ஜாவர் என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாந்தீன் என்னும் ஏழைத் தாயின் வாழ்வை முதலில் உடைத்தவரோ ஜாவர் அல்லர்.

வால்ஜீன் இப்போது மதலேன் என்னும் பெயரில் வாழ்கிறார். கருமணி அணிகலன் செய்வதில் குங்கிலியத்துக்குப் பதிலாக அரக்கைப் பயன்படுத்தும் புதுமுறை கண்டு செல்வராகிறார். ஊர் செழிக்கிறது, மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வாரி வழங்குகிறார், நகரத் தலைவர் பதவியும் தேடி வருகிறது. அவருடைய தொழிற்சாலையில் ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனிக் கூடங்கள். மகளிரிடம் அவர் எதிர்பார்த்தது தூய ஒழுக்கம். மகளிர் கூடத்தில் அவர் பெரும்பாலும் கால்வைப்பதேயில்லை. தேவாலயக் குரு பரிந்துரைத்த ஒரு பெண்மணியை மேற்பார்வைக்கு அமர்த்தி, முழுப் பொறுப்பையும் ஒப்படைத்திருந்தார். அப்பெண்மணி நேர்மையானவர், ஈகைக் குணமும் உடையவர். பிறரைப் புரிந்துகொண்டு மன்னிக்கும் ஈகைதான் அவரிடம் இல்லை என்கிறார் ஹ்யூகோ.

கணவனில்லாத பாந்தீன் தன் மகள் கொஸத்தைத் தொலைவில் ஒரு விடுதிக்காரனிடம் வளர்க்க விட்டு, அதை மறைத்து அங்கே வேலை செய்கிறாள். அவளுக்கு எழுதத் தெரியாது. கடிதம் எழுதிக் கொடுப்பவனின் வாயிலிருந்து செய்தி கசிகிறது. ஐம்பத்தாறு வயதுடைய ஒருத்தி, தனக்கு எந்தத் தொடர்பும் இல்லாத இச்செய்தியை உறுதிசெய்துகொள்ள முப்பத்தைந்து பிராங்கு செலவிட்டுப் பயணம் போய்க் குழந்தையைப் பார்த்துவிட்டு வருகிறாள்! நற்காரியத்துக்குக் கால் பிராங்கு கொடுக்கத் தயங்கும் கைகள் பிறர் குற்றத்தைத் துருவுவதற்கு எவ்வளவு தாராளமாகின்றன! துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் திருமறை ஒரே வசனத்தில் தடுத்து, புறம் பேசுதலை இறந்த சகோதரனின் இறைச்சியை உண்பதற்கு ஒப்பிடுகிறது. புறங்கூறாமைக்கென வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். இரண்டையும் மேடைதோறும் முழங்குகிறோம். மேடையை விட்டு இறங்கியதும் யார் வீட்டுப் பெண் எங்கே போகிறாள் என்று விசாரிக்கிறோம்.

மேற்பார்வையாளர் ஐம்பது பிராங்கைக் கையில் கொடுத்து, நகரத் தலைவரின் பெயரால் பாந்தீனை வேலையிலிருந்து நீக்குகிறார். தலைவரைப் போய்ப் பார் என்று சிலர் சொல்லியும் அவள் துணியவில்லை. நல்லவராதலால் பணம் கொடுத்தார், நீதிமானாதலால் நீக்கினார் என்று தனக்குத்தானே தீர்ப்புக் கூறிக்கொள்கிறாள். அதன்பின் தலைமுடியைப் பத்துப் பிராங்குக்கும், முன்பற்கள் இரண்டை நாற்பது பிராங்குக்கும் விற்கிறாள். கடைசியில் தெருவுக்கு வருகிறாள். ஜாவரின் பிடியிலிருந்து தன்னை விடுவிக்க வந்த மதலேனின் முகத்தில் அவள் காறி உமிழ்கிறாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தமக்கு இது ஒன்றும் தெரியாது என்கிறார். உண்மைதான், அவருக்குத் தெரியாது.

'தெரியாது' என்பது போதுமான விடையா? வரலாற்றாசிரியர்கள் கூறும் ஒரு நிகழ்ச்சி இங்கே நினைவுக்கு வருகிறது. கலீஃபா உமர் (ரலி) ஓர் இரவு மதீனாவின் புறத்தே செல்லும்போது, பசித்தழும் குழந்தைகளை உறங்கவைக்க ஒரு தாய் வெறுந்தண்ணீரை அடுப்பேற்றியிருக்கக் காண்கிறார்கள். எதிரே நிற்பவர் யாரென்றறியாத அப்பெண், எங்களுக்கும் உமருக்கும் இடையே இறைவன் தீர்ப்பளிப்பான் என்கிறாள். உங்கள் நிலை உமருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கிறார்கள். எங்கள் பொறுப்பை ஏற்றுக்கொண்டு எங்களை அறியாமலிருப்பதா என்று திருப்பிக் கேட்கிறாள். அவ்விடத்தில் உமர் (ரலி) வாதிடவில்லை. மாவு மூட்டையைத் தம் முதுகிலேயே சுமந்து வந்தார்கள். நான் சுமக்கிறேன் என்ற பணியாளரிடம், மறுமையில் என் சுமையை நீ சுமப்பாயா என்று கேட்டார்கள்.

மதலேனைக் குறை கூற எனக்கு அருகதையில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நான் வகுப்பாசிரியனாக இருந்தபோது, தொடர்ந்து வராத ஒரு மாணவனின் பெயரை விதிப்படி வருகைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கையொப்பமிட்டேன். அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. அவசரமாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அடுத்த ஆண்டு ஒரு மளிகைக் கடையில் துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவன் அவன்தான். தந்தை மவுத்தாகிவிட்டாராம், கீழே மூன்று தங்கைகளாம். பொட்டலத்தை நூலால் கட்டிக்கொண்டே, "நீங்க ஆளனுப்பிக் கேப்பீங்கன்னு உம்மா சொல்லிக்கிட்டே இருந்தாங்க சார்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத் தெரியாதே அப்பா என்றேன்.

விதிகள் வேண்டாமென்பது என் வாதமன்று. விதியில்லாத கல்லூரி சந்தையாகிவிடும். ஆனால் நம் நிறுவனங்களிலும் ஜமாஅத்துகளிலும் ஒருவரை நீக்கும் தாளிலும், உதவி மறுக்கும் தாளிலும், தலைவரின் கையொப்பம் இருக்கிறது. அவர் அந்த முகத்தைக் கண்டதில்லை. கையொப்பத்துக்கு முன் ஒருவராவது அந்த வீட்டுக்குப் போய் வரவேண்டும் என்று ஒரு விதியையும் சேர்த்துக்கொண்டால் என்ன? பேருந்துச் செலவு முப்பத்தைந்து பிராங்கு ஆகாது.

மதலேன் தம் தவற்றை ஈடுசெய்ய முயன்றார். பாந்தீனை மருத்துவமனையில் சேர்த்தார். விடுதிக்காரனுக்கு முந்நூறு பிராங்கு அனுப்பிக் குழந்தையைக் கேட்டார். பணத்தின் ருசி கண்ட அவன் குழந்தையை அனுப்பவில்லை. வாசற்பக்கம் பார்த்தபடியே கிடந்த அந்தத் தாய், மகளைக் காணாமலே இறந்துபோனாள்.