வாடகைக்குப் போன பாஸ்புத்தகம்

சென்ற மாதம் ஒரு மாலை, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் நமது டிக்கெட் ஜன்னலண்டை வந்து, ராஜஸ்தானத்துக்கு வண்டி எது என்று கேட்டார். அங்கே யார் இருக்கிறார்கள் என்றோம். போலீஸ் நோட்டீஸ் ஒன்றை நீட்டினார். கல்லூரியில் வாசிக்கும் மகன், சில ஆயிரம் ரூபாய்க்காகத் தன் பாங்கிக் கணக்கையும் ஏ.டி.எம். கார்டையும் எவனுக்கோ வாடகைக்கு விட்டிருக்கிறான். யாரோ ஏமாந்து இழந்த பணம் அதன் வழியே போயிருக்கிறது.

"பையன் புஸ்தகத்தைத்தானே குடுத்தான், திருடலையே சாமி?" என்றார்.

வங்காளத்து வழக்கொன்று நமக்கு நினைவுக்கு வந்தது. போலீஸார்போல் கைபேசியில் தோன்றி, ஓய்வுபெற்ற ஒருவரை வீட்டுக்குள்ளேயே 'கைது' செய்துவைத்து ஒரு கோடி ரூபாய் பறித்தார்கள். நதியா ஜில்லா கல்யாணி நீதிமன்றம் 2025 ஜூலையில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 'டிஜிட்டல் அரெஸ்ட்' மோசடியில் இந்தியாவின் முதல் தண்டனை என்று பத்திரிகைகள் எழுதின. (அப்படியொரு கைது நம் சட்டத்தில் கிடையவே கிடையாது.) அரசு தரப்பில் வாதாடியவர் சிறப்பு வக்கீல் பிபாஸ் சட்டர்ஜி, இணையக் குற்ற வழக்குகளில் பழகிய கை. இது பொருளாதாரப் பயங்கரவாதம் என்றார் அவர்.

இத்தகைய வழக்கில் வக்கீலின் பாடு எளிதன்று. பேசியவன் கம்போடியா போன்ற தூரதேசத்தில் இருப்பான். அவன் குரலுக்கு விலாசமில்லை. பணத்துக்கோ விலாசம் உண்டு. கணக்குவிட்டுக் கணக்குத் தாவிய ஒவ்வொரு ரூபாயும் பாங்கி ஏட்டில் ஒரு பெயரின்கீழ் நிற்கிறது. கல்யாணியிலும் பாங்கிக் கணக்குகளையும் கைபேசி எண்களையும் பின்தொடர்ந்தே பல மாநிலங்களில் ஆட்களைப் பிடித்தார்கள். அந்த ஏட்டின் நகலைக் கோர்ட்டு ஏற்கவும், சாட்சியச் சட்டம் கேட்கும் சான்றிதழ் கூடவே வேண்டும். முத்திரையில்லாக் காகிதத்தின் மதிப்பு நம்மைப் போன்ற குமாஸ்தாக்களுக்குத் தெரியாததா!

கேரளப் போலீஸாரும் 2025 அக்டோபரில் 'சைஹண்ட்' என்னும் சோதனையில், இவ்வாறு கணக்கு கொடுத்தோர் உட்பட இருநூறுக்கும் மேற்பட்டோரைப் பிடித்தனர். மூணாறு, பீருமேடு தோட்டத்து லயங்களிலும் சித்தூர்ப் பக்கத்து வீடுகளிலும் மேற்படிப்புக்குப் பிள்ளைகளை வெளியூர் அனுப்பியுள்ள பெற்றோர், பாஸ்புத்தகம் எங்கே என்று இன்றே கேட்டுவிடலாம். பணத்தைப் பறிகொடுத்தவர்களோ 1930 என்ற எண்ணுக்குத் தாமதமின்றிச் சொல்லவேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் நிறுத்திவைக்க வழியுண்டு.

பெரியவருக்கு உள்ளூர் வக்கீல் ஒருவரை முதலில் பார்க்கும்படி சொன்னோம். பார்த்துவிட்டு மறுவாரம் வந்தார். டிக்கெட் இரண்டா என்று கேட்டோம்.

"மூணு சாமி. அவங்க அம்மாவும் வர்றேன்னு நிக்கிறா."