சுற்றுலா விசாவில் போதகர் பயிற்சி: பொறுப்பேற்பது யார்?

புது தில்லி: வெளிநாட்டுத் திருச்சபைகளிலிருந்து குழுக்கள் கொல்கத்தாவுக்கு வந்து, ஓரிரு வாரம் தங்கி, உள்ளூர்ப் போதகர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் உதவியுடன் பயிற்சி அளித்துத் திரும்புவது நெடுநாளைய வழக்கம். மறைத் தொண்டு என்று அவர்கள் கருதும் இப்பயணம், மத்திய உள்துறை அமைச்சகத்தின் பார்வையில் முதலில் விசா தொடர்பான பிரச்சினையே.

விதி இதுதான். வெளிநாட்டவர் வழிபாட்டுத் தலங்களுக்குச் செல்லலாம். சமயச் சொற்பொழிவைக் கேட்கலாம். ஆனால் அங்கு உரை நிகழ்த்துவதோ, சமயக் கருத்துகளைப் பரப்புவதோ, பிரசுரங்களை விநியோகிப்பதோ கூடாது. அப்பணிக்கென மிஷனரி விசா என்ற தனிப் பிரிவு உண்டு. அழைக்கும் அமைப்பு, செல்லும் இடம், தங்கும் காலம், பணியின் தன்மை ஆகியவற்றை எழுத்து மூலம் தெரிவித்து அதைப் பெற வேண்டும். பத்து நாள் பயணத்துக்கு இவ்வளவு சிரமம் எதற்கு என்று எண்ணிச் சுற்றுலா விசாவில் வருவோரே சிக்கலுக்கு உள்ளாகின்றனர்.

பூட்டிய அரங்கில் ஏற்கெனவே போதகராக இருப்பவருக்கு வகுப்பெடுப்பது பிரசாரம் ஆகுமா என்பது வாதத்துக்குரியது. அந்த வாதத்தை நீதிமன்றம் வரை கொண்டு செல்ல விருந்தினருக்கு அவகாசம் இராது. 2020-இல் தப்லீக் ஜமாத் விவகாரத்தில் 960 வெளிநாட்டவர் கருப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது இது தெளிவாயிற்று. விதி எந்த மதத்தவருக்கும் ஒன்றே.

இங்கு அரசியல் சாசனம் ஓரளவுக்கே துணை நிற்கும். மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் 25-ஆவது பிரிவு 'அனைத்து நபர்களுக்கும்' உரிமை அளிக்கிறது. 'பரப்ப' என்ற சொல் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கடும் விவாதத்துக்கு உள்ளானபோது, அதை ஆதரித்தவர்களில் வங்கத்தின் லட்சுமி காந்த மைத்ராவும் சென்னையின் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் அடங்குவர். ஆனால் நாட்டில் தங்கும் உரிமை 19-ஆவது பிரிவின்படி குடிமக்களுக்கு மட்டுமே. 1937 முதல் இந்தியாவில் வாழ்ந்த ஒரு பெல்ஜிய மிஷனரியின் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் இதை ஐயமின்றி உறுதிப்படுத்தியது. அரை நூற்றாண்டு வாழ்ந்தவருக்கே கிடைக்காத உரிமை, இரு வாரப் பயணிக்குக் கிடைக்கப் போவதில்லை.

வேடிக்கை என்னவெனில், வங்கத்துக்கு இது புதிதன்று. வில்லியம் கேரி 1793-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதியின்றியே கல்கத்தாவில் இறங்கினார். சில காலம் அவுரிச் சாயத் தொழிற்சாலையின் நிர்வாகியாக இருந்துகொண்டே மறைப்பணி செய்தார். 1800-இல் டேனிஷ்காரர்கள் ஆண்ட செராம்பூருக்குக் குடிபெயர்ந்த பிறகே தடையின்றிச் செயல்பட முடிந்தது. 1818-இல் அங்கு அவரும் தோழர்களும் நிறுவிய கல்லூரிக்கு 1827-இல் டென்மார்க் மன்னர் பட்டம் வழங்கும் உரிமை அளித்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரி மாணவர்கள் இன்றும் பெறுவது செராம்பூர்ப் பட்டத்தையே. டேனிஷ் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடியிலோ, 1733-இலேயே ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றுவிட்டார்.

1905-இல் அதே செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டபோது அதன் செயலாளர் திருநெல்வேலி வெள்ளாளன்விளையைச் சேர்ந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. இந்தியர்களைக் கொண்டு, இந்தியப் பணத்தில், இந்தியத் தலைமையில் இயங்க வேண்டும் என்பது சங்கத்தின் கொள்கை. 1912-இல் கல்கத்தா புனித பால் பேராலயத்தில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயரானார்.

அப்படியிருக்க, வெளிநாட்டார் பயிற்சி இன்றும் ஏன் தேவைப்படுகிறது? செராம்பூர்ப் பட்டத்துக்குக் கல்வித் தகுதி வேண்டும். சில ஆண்டுகள் முழுநேரமாகப் படிக்க வேண்டும். பகலில் கூலி வேலையும் மாலையில் ஜெபக் கூட்டமுமாக வாழும் சிறு சபைப் போதகருக்கு அது எட்டாது. அவருக்குக் கிடைப்பது வெளிநாட்டுக் குழுவின் சில நாள் வகுப்புதான். பெரிய திருச்சபைகள் இந்த இடைவெளியை உள்ளூர் ஆசிரியர்களைக் கொண்டே நிரப்பியிருக்கலாம். போதிய அளவில் செய்யவில்லை என்பதே உண்மை.

பணத்தின் வழியும் குறுகிவிட்டது. வெளிநாட்டு நிதியை ஓர் அமைப்பு மற்றோர் அமைப்புக்கு மாற்றித் தருவதை 2020-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தடுத்தது. பெரிய அமைப்பின் பதிவை நம்பியிருந்த சிறு சபைகளுக்கு அது பேரிடி. 2021 டிசம்பரில் அன்னை தெரசாவின் மிஷனரீஸ் ஆஃப் சாரிட்டிக்கே பதிவைப் புதுப்பிக்க மறுத்து, அடுத்த மாதமே அரசு மீண்டும் வழங்கியது. முதல்வர் மம்தா பானர்ஜி வரை குரல் கொடுக்க, உலகறிந்த அந்த அமைப்புக்கு ஆளிருந்தது. சந்துக்குள் தகரக் கொட்டகையில் கூடும் சபைக்கு யார் பேசுவது?

பழைய நான்கு சட்டங்களுக்கு மாற்றாக 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம், விசா நிபந்தனையை மீறுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை அல்லது மூன்று லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க வகை செய்கிறது. வெளிநாட்டவரைத் தங்கவைப்போர் அவரைப் பற்றிய தகவலை அதிகாரிகளுக்குத் தர வேண்டிய கடமையும் தொடர்கிறது. குறுகிய காலச் சமயப் பயிற்சிக்கு எளிய அனுமதி முறை ஒன்றை உள்துறை வகுத்தால் பாதிச் சிக்கல் தீரும். அதுவரை, விருந்தினர் விமானமேறிய பின்னும் காவல் நிலையத்தின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அழைக்கப்படுபவர், அழைப்புக் கடிதத்தில் கையெழுத்திட்ட உள்ளூர்ப் போதகரே.