அய்யா வீகன், அம்மாவுக்கு அரைக்கிற வேலை

மதுரைக்காரனுக்கு சைவம்னா ஒண்ணு புரட்டாசி, இல்லேன்னா ஐயப்பன் மாலை. ஞாயித்துக்கிழமை ஆரப்பாளையத்துல கறிக்கடை வரிசைல நிக்கிற அதே ஆளு, மாலை போட்டதும் 'சாமி' ஆயிடுவாரு. ஒரு மண்டலம் வீடே சைவம். பாத்திரம் தனி, அடுப்படி கழுவுறது, விடியக்காலைல எழுந்து சமைக்கிறது எல்லாம் வீட்டம்மா கணக்கு.

சரி, அதே வீட்டம்மா "எனக்கு இனிமே கறி வேண்டாம்"னு சொன்னா? வீடு மாறாது. அவங்க மட்டும் ரசம் ஊத்தி சாப்பிட்டுட்டு, மத்தவங்களுக்கு மீன் குழம்பு வச்சு இறக்கணும். உப்பு பாக்க யாரையாவது கூப்பிட்டுக்கணும், அவ்வளவுதான்!

இப்ப வீகன் பேச்சு நம்மூருக்கும் வந்தாச்சு. பால், தயிர், நெய் எதுவும் கூடாது. நல்ல கொள்கைதான், நான் எதிரி இல்லை. ஆனா தேங்காய்ப்பால் பிழியறது யாரு? கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போட ஞாபகம் வச்சுக்கறது யாரு? மாமனாருக்கு மோர், பிள்ளைக்கு முட்டை, இவருக்கு மட்டும் தனியா நிலக்கடலைத் தயிர்னு மூணு சமையல் பண்றது யாரு? 2024ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்புப்படி, வீட்டு வேலை பாக்குறவங்கள்ல ஒரு நாளைக்குப் பெண்கள் 289 நிமிஷம், ஆண்கள் 88 நிமிஷம். கொள்கை வந்தா எந்தப் பக்கம் நிமிஷம் கூடும்னு சொல்லவா வேணும் :-)

காந்தி கதையே இருக்கு. 1912ல டால்ஸ்டாய் பண்ணைல பாலை விட்டவர், 1918ல வயித்துக்கடுப்புல படுத்த படுக்கையாயிட்டார். அவர் சத்தியம் பண்றப்போ மனசுல இருந்தது பசும்பாலும் எருமைப்பாலும்தானே, ஆட்டுப்பால் குடிக்கலாமேன்னு வழி சொன்னது கஸ்தூர்பா. விரதம் அவரோடது, அவர் உயிரைக் காப்பாத்துற யோசனை அந்தம்மாவோடது.

இன்னொரு விஷயம், ரொம்ப முக்கியம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல தமிழ்நாட்டுல 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கறி எடுத்த அன்னைக்கும் கடைசியா உக்காந்து மிச்சம் சாப்பிடறது அவங்கதான். சைவமான பிறகும் சட்டில மிஞ்சுற நாலு சுண்டல்தான் அவங்களுக்குன்னா, நஷ்டம் யாருக்கு? முருங்கைக்கீரை, பயறு, கூட ஒரு எலுமிச்சை, இதெல்லாம் முதல்ல அவங்க தட்டுக்கு வரணும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா இரும்புச்சத்து சரியா சேராது. பால் முட்டையும் விட்டாச்சுன்னா பி12 கண்டிப்பா மாத்திரையா எடுத்துக்கணும், செடிகொடில அது கிடைக்காது.

என் கட்சி இதுதான்: மாறணும்னு ஆசைப்படுறவங்க, உறுதிமொழி எடுக்கிற கையோட அரிவாமனையையும் எடுங்க. வீட்டுல பொம்பளை ஒருத்தங்க கறி வேண்டாம்னா, அன்னைக்குக் கறி வேணுங்கிறவங்க சமைச்சுக்குங்க. இவ்வளவும் முடியாதுன்னா அது உணவு மாற்றம் இல்லை, இன்னொரு ஆர்டர்!

உங்க வீட்டுல எப்படி மக்களே? அடிக்க வர்றதுக்கு முன்னாடி சொல்லிட்டு வாங்க.