குறிப்பேட்டில் தொடங்கும் திருட்டு

சென்னையில் பிறந்து நியூஜெர்சியில் வளர்ந்த காவ்யா விஸ்வநாதன் ஹார்வர்டில் படிக்கும்போதே நாவலாசிரியை ஆனார். கல்லூரி விண்ணப்ப ஆலோசகர் வழியாகத்தான் இலக்கிய முகவரே கிடைத்தார். 2006 ஏப்ரல் 23 அன்று, காவ்யாவின் நாவலில் இருந்த, எழுத்தாளர் மேகன் மெக்காஃபர்ட்டியின் நாவல்களோடு ஒத்துப்போகும் பத்திகளை ஹார்வர்டு மாணவர் நாளிதழ் 'கிரிம்சன்' அம்பலப்படுத்தியது. சில நாட்களிலேயே பதிப்பகம் புத்தகத்தைத் திரும்பப் பெற்றது.

அந்த ஒற்றுமை தன்னையறியாமல் வந்துவிட்டது என்றார் காவ்யா.

நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். ஆனால் பல மாணவர்கள் மாட்டிக்கொள்வது குறிப்பேட்டில்தான். மூல வரியை மேற்கோள் குறியில்லாமல் எழுதிவைக்கிறார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் சொந்தச் சரக்காகவே தெரிகிறது. நாலு சொல்லை மாற்றினாலும் வாக்கிய அமைப்பு காட்டிக்கொடுத்துவிடும். நூலை மூடிவைத்துவிட்டு எழுதுவதையும், பக்க எண்ணை உடனே குறிப்பதையும் எட்டாம் வகுப்பிலேயே பழக்கலாம். விண்ணப்பக் கட்டுரைக்கு ஆள் வைக்கும் நியூஜெர்சியின் எடிசன் நகரப் பெற்றோர் இதற்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கட்டுமே.