பாபேலும் புத்தளக் கரையும்

ஆங்கிலத்தில் குழப்பத்தைக் குறிக்கும் சொற்கள் பல. அவற்றுள் 'பேபல்' சற்றுத் தனியானது. பலர் ஒரே வேளையில் பேச எதுவும் விளங்காமற் போகும் இரைச்சலை, சிறப்பாகப் பல மொழிகள் கலந்தொலிக்கும் இரைச்சலை அது குறிக்கும்.

பல ஆண்டுகளுக்கு முன், இரவுப் பணியில் இருந்தபோது, பன்மொழி மக்கள் வாழும் நகரொன்றை இச்சொல்லால் வர்ணித்த ஆங்கிலச் செய்தியொன்று என் மேசைக்கு வந்தது. 'மொழிக் குழப்பம் மிகுந்த நகரம்' என்று மொழிபெயர்த்து அச்சுக்கு அனுப்பினேன். அகராதிப்படி அது சரியே. எனினும் அந்த வரி இன்றுவரை என்னை உறுத்துகிறது.

இச்சொல்லின் மூலம் ஆதியாகமத்தின் 11ஆம் அதிகாரம். ஒரே மொழி பேசிய மக்கள் வானளாவிய கோபுரம் எழுப்ப முனைந்தனர், இறைவன் அவர்களது மொழியைத் தாறுமாறாக்கினார், பணி நின்றுபோயிற்று. நகருக்குப் பாபேல் என்று பெயராயிற்று. எபிரேயத்தில் 'பாலல்' என்றால் கலத்தல், குழப்புதல். ஆனால் பாபிலோனியரோ தம் நகரின் பெயருக்குக் 'கடவுளின் வாயில்' என்றே பொருள் கொண்டனர். ஒருவரது கடவுள் வாயில் இன்னொருவருக்குக் குழப்பமாகிவிட்டது!

பல மொழிகள் அருகருகே வாழ்வது குழப்பந்தானா? புத்தளம் மாவட்டக் கரையோரத்தைப் பாருங்கள். சிலாபத்தைச் சிங்களவர் ஹலாவத்த என்பர், ஆங்கிலத்தில் சிலோ. இதனால் எவரும் ஊர் தவறி இறங்கியதில்லை. முன்னேஸ்வரத்தில் தமிழரோடு சிங்களவரும் வணங்குகின்றனர். தலவில் புனித அன்னம்மாள் திருவிழாவில் இருமொழியினரும் கூடுகின்றனர். நமது தெப்பம் சிங்களத்தில் 'தெப்பம'. போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற மேசையும் சன்னலும் அங்கே 'மேசய', 'ஜனேலய'. புத்தளம் முஸ்லிம்களின் வீட்டு மொழி தமிழ்.

இக்கரையின் துயரம் வேறிடத்தில் இருக்கிறது. சிலாபத்துக்கும் நீர்கொழும்புக்கும் இடைப்பட்ட கத்தோலிக்க மீனவக் கிராமங்கள் பலவற்றில் முன்னோர் பேசியதும் செபித்ததும் தமிழில். இருபதாம் நூற்றாண்டில் பாடசாலைகள் சிங்கள மொழிக்கு மாறின. வீடுகளும் மெல்ல மாறின. பாட்டியின் செபத்தைப் பேரன் விளங்கிக்கொள்ளாத நிலை வந்தது. புத்தளத்தை அண்டிய சிராம்பியடியில் ஆபிரிக்க வம்சாவளியினரின் போர்த்துக்கேயக் கிரியோல் இன்று பெரும்பாலும் பாடல்களிலேயே எஞ்சியுள்ளது. உடப்பு மட்டும் திரௌபதை அம்மன் தீமிதிப்போடும் கரைவலை இழுப்போரின் அம்பாப் பாடல்களோடும் தமிழ்க் கிராமமாகவே நிற்கிறது.

சிங்களம் கற்றதை நான் குறை கூறவில்லை. கற்கத்தான் வேண்டும். ஒன்றைக் கற்க மற்றதைக் கைவிட வேண்டும் என்ற எண்ணமே பிழை. அதே எண்ணம் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள நம் வீடுகளில் குடியிருக்கிறது. "வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்றால் பிள்ளை குழம்பிவிடும்" என்று அஞ்சும் பெற்றோரைச் சந்தித்திருக்கிறேன். இருமொழியில் வளரும் பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் இந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்கின்றனர். ஒரே வாக்கியத்தில் இரு மொழிகளையும் கலந்து பேசும் பிள்ளை குழம்பவில்லை. தன்னிடமுள்ள இரண்டையும் பயன்படுத்துகிறது. குழம்புவோர் நாமே.

கோபுரக் கதையில் மொழிகள் பெருகியது தண்டனை. புத்தளக் கரையில் மொழியொன்று வீட்டைவிட்டு வெளியேறியதே இழப்பு. அந்தப் பழைய செய்தி மீண்டும் என் கைக்கு வந்தால், 'பல மொழிகள் ஒலிக்கும் நகரம்' என்றே எழுதுவேன்.